கிளட்ச் இல்லாத பிளஷர்

போன மாதம் ஒரு கார் சர்வீஸ் நிலையத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய மெக்கானிக்கைப் பிடித்து உட்கார வைத்து, சால்வை போர்த்தி, காபி கொடுத்து அனுப்புகிற வழக்கமான சங்கதி. கோவில்பட்டி வெயிலில் தோளில் துண்டு கிடப்பதே பாரம், எனக்கு எதற்குச் சால்வை? ஆனால் அங்கே பொறுப்பில் இருந்த பெண், நல்ல விவரமான பிள்ளை, ஒரு கேள்வி கேட்டாள். "ஐயா, ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸை முரட்டுத்தனமா ஓட்டினா எவ்வளவு தாங்கும்? உங்க அனுபவத்துல சொல்லுங்க" என்றாள். நான் ஏதோ கிலோமீட்டர் கணக்குச் சொல்லப் போகிறேன் என்று மற்றவர்கள் பேனாவைத் திறந்தார்கள். இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற பதிலாக அது எனக்குத் தெரியவில்லை. அதனால் வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

தொழில் பழகிய கதையை நீட்ட மாட்டேன். ஸ்பானர் எடுத்துக் கொடுத்தது, தலையில் குட்டு வாங்கியது, லாரிக்கு அடியில் படுத்தே தூங்கிப் போனது என்று எல்லா மெக்கானிக்கும் சொல்கிற கதைதான். ஐம்பதுகள் முடியப் போகிற சமயம், எனக்கு இருபத்தாறு வயது. எட்டயபுரம் ரோட்டில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் கியர் பாக்ஸ் வேலைக்கென்றே என்னை வைத்திருந்தார்கள். பஞ்சு லாரி, தீப்பெட்டி பண்டல் ஏற்றுகிற லாரி, ரூட் பஸ், எதில் கியர் கோளாறு என்றாலும் "சுப்பையாவைக் கூப்பிடு" என்பார்கள். எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் லாரி கியர் பாக்ஸைப் பிரித்துப் பூட்டுவேன் என்று டீக்கடையில் பந்தயம் கட்டினேன். தோற்றும் போனேன், அது வேறு விஷயம்.

எங்கள் ஃபோர்மன் தேவசகாயம் அண்ணாச்சி. யுத்த காலத்தில் பட்டாள ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். ஒல்லி உடம்பு, முழங்கை வரை மடித்த காக்கிச் சட்டை, பையில் எப்போதும் துவைத்து மடித்த ஒரு வெள்ளைத் துணி. எந்த வண்டியின் எண்ணெயானாலும் அந்தத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் பேசுவார். கியர் பாக்ஸைப் பிரிக்கும்போது தரையில் ஒரு பழைய வேட்டியை விரிக்கச் சொல்வார். கழற்றின சாமான்களைக் கழற்றின வரிசைப்படி இடமிருந்து வலமாக அதில் அடுக்க வேண்டும். அந்த வேட்டியை யாரும் தாண்டக் கூடாது. ஒருநாள் ஒர்க்‌ஷாப் சொந்தக்காரரே தெரியாமல் தாண்டிவிட்டார். அண்ணாச்சி எழுந்து நின்று, அவரைத் திரும்பவும் அந்தப் பக்கமாகவே சுற்றிவரச் சொன்னார். அவரும் சுற்றி வந்தார்.

அண்ணாச்சி கத்தி யாரும் கேட்டதில்லை. சாதாரணமாக "ஏலே சுப்பையா, இங்கன வா" என்பார். அந்த ஏலே வாயில் இருக்கிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். நாம் ஏதாவது தப்பு செய்துவிட்டால் குரல் தணிந்துவிடும். "சுப்பையா, நீங்க கொஞ்சம் வருதீங்களா?" என்பார். அவ்வளவுதான். அந்த மரியாதையைத் தாங்க முடியாமல் இரண்டு பேர் வேலையை விட்டே ஓடியிருக்கிறார்கள்.

அப்போதுதான் அழகர்சாமி முதலாளி அந்தக் காரை வாங்கி வந்தார். அவருக்குத் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் ஒன்றும் பருத்தி அரைக்கிற ஜின்னிங் ஷெட் ஒன்றும் இருந்தன. ஐம்பத்தைந்து வயது இருக்கும், கனத்த உடம்பு. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியில் எதுவுமே அதிகம் பேசாதவர். மெட்ராஸில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்க வண்டி அது. கம்பெனிப் பெயர் வேண்டாம், கம்பெனி மேல் ஒரு குற்றமும் இல்லை. வெளிர் பச்சை நிறம், எட்டு சிலிண்டர், இடது பக்கம் ஸ்டியரிங். எங்கள் பக்கத்தில் சொந்தக் காரைப் பிளஷர் என்றுதான் சொல்வோம். இந்தப் பிளஷரைப் பார்க்க ஊரே வந்தது. வந்தவர்கள் கதவைத் திறந்து காரின் தரையைத்தான் பார்த்தார்கள். பிரேக், ஆக்சிலேட்டர், இரண்டே பெடல். "கிளட்ச் எங்கனவே?" என்று குனிந்து கையால் தடவிப் பார்த்தவர்களும் உண்டு.

அதற்கு டிரைவர் மைதீன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, சிநேகிதம். தூத்துக்குடி ஹார்பருக்குத் தன் ஷெட்டுப் பஞ்சு லாரியை ஓட்டிக் கொண்டிருந்தவனை முதலாளி பார்த்துப் பிடித்துப் போய்க் காருக்குக் கூட்டி வந்தார். ஜின்னிங் ஷெட்டுக்குப் பின்னால் அவனுக்கு ஒரு வீடும் கொடுத்தார். அம்மா, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், எல்லாரும் அந்த ஓர் அறையிலும் தாழ்வாரத்திலும்தான். மழைக்கு ஒழுகாத முதல் வீடு இதுதான் என்று அவன் அம்மா என்னிடமே சொல்லியிருக்கிறது.

அந்தக் கியர் பாக்ஸ் எப்படி வேலை செய்யும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் உருண்டையாக ஒரு பானை. அதற்குள் எதிரெதிராக இரண்டு விசிறி, பானை நிறைய எண்ணெய். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றும். அது எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் அடுத்த விசிறியைத் தள்ளும், வண்டி நகரும். இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளாது. அதற்குப் பின்னால் ஓர் உருளை, உருளையைச் சுற்றிப் பிடிக்கிற ஒரு பட்டை. எண்ணெயின் அழுத்தத்தில் பட்டை இறுகினால் ஒரு கியர், விட்டால் இன்னொரு கியர். ஆக எல்லாமே எண்ணெய்தான், அது கெட்டால் பாக்ஸே கெட்டது.

வண்டி வந்த முதல் ஐப்பசியிலேயே மக்கர் செய்தது. புதூர்ப் பக்கம் போன இடத்தில் நல்ல மழை. கரிசல் மண் நனைந்தால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, செருப்பைப் பிடுங்கிக்கொண்டு காலை மட்டும் விடும். சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. முன்னுக்கும் பின்னுக்குமாக மாற்றி மாற்றிப் போட்டு ஆட்டி எடுத்து, எப்படியோ ஊர் வந்து சேர்ந்தார்கள். ஒரு வாரத்தில் வண்டி முனகியதே தவிர நகரவில்லை.

அண்ணாச்சி எஞ்சினை ஓடவிட்டு, லிவரை ஒவ்வோர் இடமாகத் தள்ளி, திரும்ப நியூட்ரலில் கொண்டுவந்து நிறுத்தி, எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவினார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கருப்பட்டிப் பாகாக வெள்ளைத் துணியில் இறங்கியது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். காராச்சேவுக் கடையில் மாதக்கணக்கில் மாற்றாத எண்ணெய் நாற்றம்.

"மண்ணுல போட்டு ஆட்டுன ஆட்டுல வெந்து போச்சுலே" என்றார்.

பம்பாய்க்கு எழுதிப் புதுப் பட்டை வரவழைத்தோம். கூடவே ஒரு இங்கிலீஷ் புத்தகமும் வந்தது. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பென்சிலால் கோடு போட்டுப் போட்டுப் படித்தார். பட்டையைப் பூட்டிவிட்டு, அதன் திருகை முழுக்க இறுக்கி, பிறகு சரியாக நாலு சுற்றுத் தளர்த்த வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. குறைவாகத் தளர்த்தினால் பட்டை உருளையை விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். கூடுதலாகத் தளர்த்தினால் பிடிக்காமல் வழுக்கும். இரண்டிலும் கருகும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும், அது அவர் சட்டம். போட்டேன். வண்டி வெண்ணெயாக ஓடியது. டீக்கடையில் என் சட்டைக் காலர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

பங்குனியில் அதே வண்டியை இரண்டு ஜோடி மாடு பூட்டி இழுத்து வந்தார்கள்.

அதே கறுப்பு எண்ணெய், அதே நாற்றம். ஆனால் பங்குனியில் கரிசல் வெடித்துக் கிடக்கிறது, குடிக்கவே தண்ணீர் இல்லை. அப்புறம் சகதி எங்கிருந்து வரும்? அண்ணாச்சி துணியை மடித்துப் பையில் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"சுப்பையா, நீங்க அன்னைக்கு எத்தனை சுத்துத் தளத்துனீங்க?"

நீங்க! "நாலு அண்ணாச்சி" என்றேன். சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாவது சுற்று முடிந்தபோது யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரியும், நான் திரும்பிப் பார்த்த மாதிரியும் ஒரு ஞாபகம். கோடு போட்ட பிறகுதான் திரும்பினேனா, திரும்பின பிறகு அதே சுற்றுக்கு இன்னொரு கோடும் போட்டுவிட்டேனா? சாக்பீஸ் கோடெல்லாம் வண்டி கழுவின அன்றைக்கே போய்விட்டது. திருகை மறுபடி இறுக்கி எண்ணிப் பார்க்கலாம் என்றால் பட்டையின் லைனிங்கே தேய்ந்து கரைந்து போயிருக்கிறது, அந்த எண்ணிக்கை எதற்கும் சாட்சியாகாது. பட்டாளத்தில் இருந்து வந்த மனுஷனுக்கு முன்னால் திருடன் மாதிரி நின்றேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ஒரே வருசத்துல ரெண்டு தடவை. ஒண்ணு ஒங்க வேலை சரியில்ல, இல்லாட்டி எம் டிரைவர் சரியில்ல. எதுன்னு ஃபோர்மனே சொல்லிரட்டும். டிரைவர்தான்னா சாவிய வாங்கிட்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்லிருதேன்."

மைதீன் இரண்டடி தள்ளித்தான் நின்றான். கையிலிருந்த துடைக்கிற துணியை முறுக்கிக்கொண்டே தரையைப் பார்த்தான். எனக்கு அப்போதே கொஞ்சம் எரிச்சல். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் கூரை பறக்கக் கத்தியிருப்பேன்.

அண்ணாச்சி, "வேலைய முடிச்சு ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன் முதலாளி" என்றார்.

பாக்ஸ் முழுவதையும் இந்தத் தடவை அவரே பூட்டினார். பட்டை முறை வந்ததும் எழுந்து ஸ்பானரை என்னிடம் நீட்டினார். "நீங்களே தளத்துங்க." கூடவே உட்கார்ந்தும் பார்க்கவில்லை, போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அவர் என்னை நம்பினாரா, சோதித்தாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. நாலு கோடு போட்டேன். ஒவ்வொரு கோட்டையும் மூன்று தரம் எண்ணினேன்.

மறுநாளிலிருந்து நான் மைதீனுக்குப் பக்கத்து சீட்டில். மூன்று நாள் முதலாளி இல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஓட்டினோம். ஒரு நாள் ஓட்டப்பிடாரம், ஒரு நாள் பாஞ்சாலங்குறிச்சி, ஒரு நாள் புதூர். "வே, ஒன் இஷ்டத்துக்கு மிதி, எவ்வளவு போகும்னு பாப்போம்" என்றேன். அவன் மிதித்தான். அந்த எட்டு சிலிண்டரும் சேர்ந்து குரல் கொடுக்கும்போது எனக்கு அடிவயிற்றில் காற்று புகுந்தது. இரண்டு பக்கமும் கரிசல் காடு கோடாகப் போகிறது. அந்த வேகத்திலும் புதூருக்கு முன்னால் ஒரு கீதாரி ஆட்டு மந்தையை ரோட்டைக் கடத்திக் கொண்டிருந்தபோது, நான் கத்துவதற்கு முன்பே இவன் காலை எடுத்து, வண்டியைத் தானாகத் தணிய விட்டு, கடைசி ஆடு கடக்கிற வரைக்கும் ஹாரன் கூட அடிக்காமல் நின்றான். டிரைவர் என்றால் இவன்தான் டிரைவர். ஐந்து மைலுக்கு ஒரு தரம் நிறுத்திக் கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் செக்கச் செவேலென்று இருந்தது. வெயிலில் அத்தனை தூரம், அத்தனை மிதி, ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் மூன்றுதானோ? போன தடவை நான் தளர்த்தியது மூன்றுதானோ? திரும்பி வரும்போது நான் அதிகம் பேசவில்லை.

நாலாம் நாள் முதலாளி பின்சீட்டில் ஏறினார். பக்கத்து ஊரில் ஒரு வேலையை முடித்துவிட்டு ஊருக்குள் வருகிறோம், ரயில்வே கேட் விழுந்து கிடக்கிறது. கேட் மரத்துக்கு முன்னால் வலது பக்கம் ஒரு கறுப்பு இங்கிலீஷ் கார் நின்றது. இன்னொரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியுடையது. அவருக்கும் இவருக்கும் தொழிலில் போட்டி என்பது ஊருக்கே தெரியும். மைதீன் அதற்குப் பக்கத்தில் மூக்குக்கு மூக்கு நேராக நிறுத்தினான். தூரத்தில் விசில் கேட்டது.

"மைதீனு" என்றார் முதலாளி. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மைதீன் இடது காலை பிரேக்கில் வைத்தான். வலது காலால் ஆக்சிலேட்டரை மிதித்தான். லிவர் டிரைவிலேயே, அதாவது ஓடுகிற கியரிலேயே இருந்தது. எஞ்சின் உறுமுகிறது, சக்கரம் நிற்கிறது. வண்டி முழுக்க நடுங்கியது. வந்ததோ கூட்ஸ் ரயில். பெட்டி பெட்டியாக, அவசரமே இல்லாமல், கடகடவென்று போய்க்கொண்டே இருந்தது. நான் மைதீனின் காலையே பார்த்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. லாரியில் கிளட்சை மிதித்துக்கொண்டு எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் கியர் பாக்ஸுக்கு ஒன்றும் வராது. கிளட்சையே தேடிப் பழகின இடது கால் இந்த வண்டியில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டது. இங்கே விடுவிக்கிறதற்குக் கிளட்ச் இல்லையே! எஞ்சின் கொடுக்கிற வலு அத்தனையும் போவதற்கு இடமில்லாமல், பானைக்குள் எண்ணெயைக் கடைந்து கடைந்து கொதிக்க வைக்கிறது.

கேட் மரம் எழும்பியது. இடது காலை எடுத்தான். ஐயோ, என்ன சொல்ல! சீட்டோடு என்னை அழுத்திக்கொண்டு வண்டி பாய்ந்தது. தண்டவாளம் தட்டுப்படுவதற்குள் அந்தப் பக்கம் இருந்தோம். கறுப்புக் கார் அங்கேயே கிடந்தது. பின்னால் முதலாளி சீட்டைத் தட்டிக்கொண்டு, கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். "ஏமய்யா! பாத்தியா! இன்னும் அங்கனயே நிக்கான்!" கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. அந்த மனுஷனுக்குப் பல் வரிசை இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவரை ஜின்னிங் ஷெட்டில் இறக்கிவிட்டதும் கம்பியை உருவினேன். கம்பி கையைச் சுட்டது. சிவப்பு மங்கியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நாலு சுற்றுத்தான் தளர்த்தியிருக்கிறேன்! நான் தப்பு செய்யவில்லை! அப்புறம்தான் மைதீனின் முகத்தைப் பார்த்தேன்.

"ஒனக்குத் தெரியுமாவே?" என்றேன்.

"மொதத் தடவை தெரியாது. ரெண்டாவது தடவை வாடை வரும்போதே தெரிஞ்சு போச்சு" என்றான். பிரேக் லைனிங் சீக்கிரம் தேய்ந்ததைக்கூட எங்களிடம் காட்டாமல் பஜாரில் ஒருவரிடம் கொடுத்து ரிவெட் அடித்து மாட்டியிருக்கிறான்.

"கிறுக்குப் பயலே, ஒன் வீடு போகுதுவே! முதலாளி சொல்லித்தான் செஞ்சேன்னு அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"அவிய எங்க சொன்னாவ? மைதீனுன்னு பேரைத்தான் கூப்பிடுவாவ." துணியால் கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "முதலாளி வீட்டு அம்மா தவறிப் போன பொறவு அவிய சிரிச்சு நான் பாத்ததில்ல சுப்பையா. ரெண்டு வருசம். சோறு வச்சா சாப்பிடுவாவ, ஆபீசுக்குப் போவாவ, வருவாவ. ஒருநாள் தற்செயலா இந்தக் கேட்டுல வண்டி துள்ளிருச்சு. அன்னைக்குச் சிரிச்சாவ. அதான் நீயே பாத்தியே. அதைப் போயி, ஒங்க சிரிப்பாலதான் வண்டி கெட்டுதுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

"பொறவு வீட்டக் காலி பண்ணிட்டு எங்க போவ?"

"லாரிக்குப் போவேன்" என்றான். ஆனால் சொல்லும்போது ஷெட்டுக்குப் பின்பக்கமாக ஒரு பார்வை பார்த்தான். வாசலில் அவன் பெண் குழந்தைகள் இரண்டும் புளியமுத்தை உரசி ஒன்றுக்கொன்று சூடு வைத்து விளையாடிக் கொண்டிருந்தன.

நான் என்ன செய்ய? உள்ளதைச் சொன்னால் அந்த மனுஷனின் சிரிப்புப் போகும். சொல்லாவிட்டால் இவன் வீடு போகும். அரைகுறையாக "டிரைவர் தப்பு" என்று சொன்னால் நான் மட்டும் தப்பித்துக்கொள்ளலாம், அதற்குத் தொங்கிச் சாகலாம். நேரே அண்ணாச்சியிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். பிரேக் லைனிங் சங்கதியையும் சொன்னேன், எனக்கு முதலில் சந்தோஷம் வந்ததையும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏலே, நாளைக்குக் காலையில முதலாளிய வரச் சொல்லு. டிரைவரும் இருக்கணும்" என்றார்.

மறுநாள் முதலாளி வந்தார். அண்ணாச்சி சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருந்தார். இங்கிலீஷ் புத்தகத்தை பானட் மேல் விரித்து, பென்சில் கோடு போட்ட ஒரு வரியைக் காட்டினார்.

"முதலாளி, வேலை சரியா இருக்கான்னு பாக்க இதுல ஒரு சோதனை போட்டிருக்கு. பிரேக்க அமுக்கிட்டு ஆக்சிலேட்டர முழுசா மிதிக்கணும். ஆனா அஞ்சு செகண்டுக்கு மேல ஒரு செகண்டு போவக் கூடாதாம், போனா எண்ணெய் வெந்துருமாம். ஒங்க வாட்சப் பாத்து நீங்களே சொல்லுங்க."

முதலாளி கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அண்ணாச்சி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலேட்டரில். வண்டி நடுங்கியது. அந்தச் சத்தம் கேட்டதுமே முதலாளியின் முகம் மாறிவிட்டது. கடிகாரத்தைப் பார்க்க மறந்து மைதீனைப் பார்த்தார்.

"முதலாளி, அஞ்சு!" என்று நான்தான் கத்தினேன்.

அண்ணாச்சி காலை எடுத்துவிட்டு இறங்கினார். கேட் என்ற வார்த்தையை அவர் சொல்லவே இல்லை. எண்ணெய்க் கம்பியை உருவித் துடைத்து, சிவப்பு மங்கின கறையோடு வெள்ளைத் துணியை முதலாளியிடம் நீட்டிவிட்டு ஒதுங்கி நின்றார்.

முதலாளி கடிகாரத்தை பானட் மேல் வைத்தார். "மைதீனு, கூட்ஸ் வந்தா கேட்ல எத்தனை நேரம் நிப்போம்?"

மைதீன் குனிந்து சக்கரத்துக் கட்டையைத் தள்ளி வைத்தான்.

"கேக்கேம்லா."

"மூணு நிமிசம் ஆவும் முதலாளி. சில நாள் நாலு."

"ரெண்டு தடவையும் இதானா?"

"மொதத் தடவை சகதியும் இருந்துச்சு முதலாளி" என்றான் மைதீன். அப்போதும் பழியைச் சகதி மேல் போடத்தான் பார்த்தான்!

"ஏம்யா சொல்லல?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "நீங்க சிரிச்சீங்க முதலாளி."

ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தோம். முதலாளி மூச்சை இழுத்து விட்டார். கையை நீட்டினார்.

"சாவியக் குடு."

மைதீன் இடுப்பிலிருந்து எடுத்தான். சாவி கீழே விழுந்தது, குனிந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். போச்சு, இத்தனையும் செய்து அந்தக் குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமே என்று நினைத்தேன். முதலாளி சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்தார்.

"வண்டி ரெண்டு நாள் இங்கனயே கெடக்கட்டும். எண்ணெய மாத்திருங்க, வேற எதெது பாக்கணுமோ பாத்திருங்க." அப்புறம் மைதீனின் தோளைத் தொட்டார். "வாய்யா, நடந்தே போவோம்."

இரண்டு பேரும் வெயிலில் இறங்கி நடந்தார்கள். அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பானட் மேலேயே கடிகாரம் கிடப்பதை அண்ணாச்சி பார்த்தார். என் கையில் கொடுத்து ஓடச் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கேட் விழுந்திருந்தது. ரயில் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. நடந்து போகிறவர்களுக்குப் பக்கத்தில் சின்ன வழி உண்டு. ஆனால் முதலாளி அங்கே நிற்கவில்லை. கார் நிற்கிற இடத்தில், ரோட்டுக்கு நட்ட நடுவில், கேட் மரத்தில் வயிறு படுகிற மாதிரி நின்றார். பக்கத்தில் மைதீன். வலது பக்கம் அதே கறுப்பு இங்கிலீஷ் கார், உள்ளே அந்த முதலாளி இவரை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் இரண்டு மாட்டு வண்டி, சைக்கிள்கள்.

கடைசிப் பெட்டி போனது. கேட்மேன் சக்கரத்தில் கை வைத்தார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார்.

மரம் தோள் உயரம் எழும்புவதற்குள் குனிந்து ஓடினார் பாருங்கள்! ஐம்பத்தைந்து வயது, அத்தனை கனத்த உடம்பு, தொப்பை குலுங்க, செருப்பு ஒன்று தண்டவாளத்திலேயே கழன்று விழ, ஓடினார். "முதலாளி, கல்லு! பாத்து! முதலாளி!" என்று கத்திக்கொண்டு மைதீன் பின்னால் ஓடினான், போகிற போக்கில் அந்தச் செருப்பையும் பொறுக்கிக்கொண்டான். கறுப்புக் காரின் டிரைவர் கியர் போடுவதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர்களுக்குப் பின்னால் ஓடினேன்.

அந்தப் பக்கம் போய் முழங்காலில் கையை ஊன்றி நின்று முதலாளி சிரித்தார். மூச்சு முட்டியது, இருமல் வந்தது, அப்போதும் சிரித்தார். மைதீன் செருப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தான். நான் கடிகாரத்தை நீட்டினேன்.

அவர் அதை வாங்கவில்லை. "சுப்பையா, வாட்சு ஒங்கிட்டதான இருந்துச்சு? எத்தனை செகண்டு ஆச்சு, சொல்லு."

"பாக்கலையே முதலாளி" என்றேன்.

"பாக்கலையா!" மைதீன் பக்கம் திரும்பினார். "கெட்டுது போ. அப்ப நாளைக்கு மறுபடியும் ஓடணுமேய்யா. வெள்ளன வந்துரு."